டாலஸின் டாப்-10 பிக்: ஐந்து ரசிகர்களின் சண்டையும் ஒரு தாளும்

ஏன் இதை எழுதி வைக்கிறேன்

2023 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், டாலஸ் மேவரிக்ஸ் தன் சொந்த அரங்கில் சிகாகோ புல்ஸிடம் 115-112 என்று தோற்றது. டாலஸின் புறநகர் ஒன்றில், நண்பர் வீட்டுக் கூடத்தில், அந்த ஆட்டத்தை ஐந்து பேர் சேர்ந்து பார்த்தோம். ஆட்டம் முடியும் முன்பே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. இரண்டு பேர் அதன் பிறகு ஐந்து வாரத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு டிராஃப்ட் பிக். அது யாருக்குச் சேரும் என்பதே அன்றைக்கு முடிவாகியிருக்கவில்லை.

இதே மாதிரி வாக்குவாதம் ஒவ்வொரு சீசன் கடைசியிலும் ஏதோ இரண்டு அணிகளின் ரசிகர்களுக்குள் நடக்கிறது. நாங்கள் எங்கே தடுமாறினோம், எதைச் செய்த பிறகு பேச்சு தெளிந்தது என்பதைப் பதிந்து வைத்தால் அவர்களில் சிலருக்காவது உதவும். பெயர் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் டாலஸ்காரர், நியூயார்க்காரர், கணக்குக்காரர், இளையவர் என்று குறிப்பிடுகிறேன். ஐந்தாவது ஆள் நான்.

பின்னணி

என்பிஏ அணிகள் ஒவ்வொரு ஆண்டும் சீசன் முடிந்ததும் புதுமுக ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதுதான் டிராஃப்ட். மோசமாக ஆடிய அணிக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தை, அதாவது பிக்கை, பல ஆண்டு முன்னதாகவே டிரேடில் கொடுத்துவிடலாம். கொடுக்கும் அணிக்கு ஒரு பயம் இருக்கும். அந்த ஆண்டு பார்த்து நம் அணி சரிந்து, பிக் மேலே ஏறிவிட்டால், நல்ல ஆட்டக்காரரை அடுத்த அணிக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டிவரும். அந்தப் பயத்துக்குப் போடும் நிபந்தனைதான் பாதுகாப்பு. டாப்-10 பாதுகாப்பு என்றால், பிக் முதல் பத்து இடத்துக்குள் விழுந்தால் கொடுத்த அணியிடமே தங்கும். 11 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் வாங்கிய அணிக்குப் போய்விடும்.

எங்கள் சண்டைக்குரிய பிக் 2019 ஜனவரி 31 அன்று பிறந்தது. கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை நியூயார்க் நிக்ஸிடமிருந்து வாங்க, டாலஸ் ஆட்டக்காரர்களோடு இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்தது. 2021 பிக்குக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இரண்டாவது, 2023-ஆம் ஆண்டின் பிக். அதற்கு டாப்-10 பாதுகாப்பு. அது டாலஸிடமே தங்கிவிட்டால் அதே நிபந்தனையோடு 2024-க்குத் தள்ளிப்போகும், அப்புறம் 2025-க்கு. அப்போதும் கைமாறாவிட்டால் 2025-இன் இரண்டாம் சுற்று பிக் மட்டும் நிக்ஸுக்குக் கிடைக்கும்.

போர்சிங்கிஸ் 2022 பிப்ரவரியிலேயே வாஷிங்டனுக்குப் போய்விட்டார். ஆள் போனாலும் கடன் அப்படியே நின்றது. அந்தக் கோடையில் ஜேலன் பிரன்சன் ஒப்பந்தம் முடிந்ததும் டாலஸை விட்டு நியூயார்க் போனார். 2022-இல் மேற்கு மண்டல இறுதிவரை வந்த அணி அவர் இல்லாமல் தடுமாறியது. 2023 பிப்ரவரியில் கைரி இர்விங்கை வாங்க 2029 முதல் சுற்று பிக்கையும் கொடுத்தார்கள். அதன் பிறகு தோல்விகள்தான் கூடின. எங்கள் கூடத்தில் டாலஸ்காரரும் நியூயார்க்காரரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தது இந்தக் கசப்போடுதான்.

ஆட்கள்

டாலஸ்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர், அணியின் பழைய அரங்கான ரீயூனியன் அரினா காலத்திலிருந்து அணியைப் பின்தொடர்பவர். நியூயார்க்காரர் வேலை மாற்றலில் வந்தவர், வந்த பிறகும் நிக்ஸ் சட்டையைக் கழற்றவில்லை. கணக்குக்காரருக்குக் காப்பீட்டுத் துறையில் அபாயக் கணக்குப் போடுவதுதான் வேலை. எந்த அணியும் அவருக்குச் சொந்தமில்லை. இளையவர் கல்லூரி அணியில் ஆடியவர், எதையும் ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து பார்ப்பார். நான் டாலஸ் ரசிகன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச்சில் கவனித்தது

மார்ச் நடுவில் கணக்குக்காரர் ஒரு சிறு அட்டவணை கொண்டுவந்தார். 2019-இல் வந்த லாட்டரி முறைப்படி, பிளேஆஃப் எனும் கோப்பைக்கான சுற்றுக்குப் போகாத 14 அணிகளுக்குள் குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்தான். மீதி இடங்கள் வெற்றி தோல்விக் கணக்குப்படி நிரம்பும். அந்த 14 பேரில் ஒன்பதாவது மோசமான அணிக்கு பிக் முதல் பத்துக்குள் விழ சுமார் 97 சதவீத வாய்ப்பு. பத்தாவது அணிக்கு சுமார் 80. பதினொன்றாவது அணிக்கு 9.4 மட்டுமே, ஏனென்றால் அது குலுக்கலில் முதல் நான்குக்குள் தாவினால்தான் உண்டு.

இந்த மூன்று எண்களையும் நாங்கள் பார்த்தோம், தலையாட்டினோம், மறந்துவிட்டோம். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர். அன்று யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

பேச்சு வேறு பக்கம் போனது. டாலஸ்காரர் பிளே-இன், அதாவது பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டம், போயே ஆக வேண்டும் என்றார். லூகா டான்சிச் மாதிரி ஒரு ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு மேற்கு மண்டலத்தில் பத்தாம் இடத்தைக்கூடப் பிடிக்காமல் விடுவது அவமானம், ஒரு பிக்குக்காக அதை விடக் கூடாது என்பது அவர் வாதம். நியூயார்க்காரர் சொன்னது கொஞ்சம் நுட்பமானது. பிக் இந்த ஆண்டே கைமாறினால் டாலஸுக்கும் நல்லது என்றார். ஸ்டெபியன் விதிப்படி ஒரு அணி அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று பிக் இல்லாமல் இருக்கும்படி டிரேட் செய்ய முடியாது. 2023 பிக் தள்ளிப்போனால் அது 2025 வரைக்கும் போகலாம், எனவே 2026 வரை எதையும் தொட முடியாது. 2029 ஏற்கெனவே போய்விட்டதால் 2028-உம் 2030-உம் பூட்டு. கையில் கொடுப்பதற்கு 2027 ஒன்றுதான் மிஞ்சும். இப்போதே கொடுத்துவிட்டால் பூட்டு திறக்கும்.

இது சரியான வாதம். நாங்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நிக்ஸ் ரசிகர் நிக்ஸுக்கு பிக் வேண்டுமென்று சொல்லாமல் வேறென்ன சொல்வார் என்று டாலஸ்காரர் கேட்டார், எல்லோரும் சிரித்தோம், அதோடு போயிற்று. நானும் சிரித்தேன். சொல்பவர் போட்டிருந்த சட்டையை வைத்து ஒரு நல்ல வாதத்தைத் தள்ளியது எங்கள் முதல் தவறு.

இதில் எனக்கு மனதில் நிற்கும் ஒன்று உண்டு. ஸ்டெபியன் விதி வந்ததே 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரிக் கொடுத்ததால்தான். அதில் பெரும் பயன் அடைந்தது அப்போது புதிதாக முளைத்திருந்த டாலஸ். சாம் பெர்கின்ஸை எடுத்தது அப்படி வந்த பிக்கில்தான். எங்கள் டாலஸ்காரர் சிறுவயதில் கைதட்டி வளர்ந்த அணியே அந்த பிக்குகளால் நிமிர்ந்தது. விதியைப் பற்றி எங்கள் ஐவரில் அதிகம் சொல்லியிருக்கக்கூடியவர் அவர். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 7

அன்று காலை டாலஸ் 38-42, அதாவது 38 வெற்றி, 42 தோல்வி. மேற்கில் பத்தாம் இடம் பிடித்துப் பிளே-இன் போக, மீதி இரண்டு ஆட்டங்களையும் ஜெயிக்க வேண்டும், ஓக்லஹோமா சிட்டி தண்டர் தன் கடைசி ஆட்டத்தில் தோற்க வேண்டும். வாசல் இன்னும் மூடவில்லை.

அன்றைய பட்டியலில் இர்விங், டிம் ஹார்டவே ஜூனியர், மேக்ஸி கிளேபர், ஜாஷ் கிரீன், கிறிஸ்டியன் வுட் ஐந்து பேரும் இல்லை. சிலருக்குக் காயம் என்றும் சிலருக்கு ஓய்வு என்றும் அறிவித்தார்கள். டான்சிச் முதல் குவார்ட்டர் ஆடினார், இரண்டாவது குவார்ட்டரில் அரை நிமிடம் போல நின்றார், அப்புறம் வெளியே போனவர் திரும்பவில்லை. அன்று அரங்கில் அவருடைய நாடான ஸ்லோவேனியாவைக் கொண்டாடும் இரவு வேறு. இது அணி நிர்வாகத்தின் முடிவு என்று கோச் ஜேசன் கிட் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆடியவர்கள் நன்றாகவே ஆடினார்கள். மூன்று பாயிண்டில்தான் தோல்வி. அதோடு பிளே-இன் வாய்ப்பும் போனது.

கூடத்தில் நடந்தது

டான்சிச் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் நியூயார்க்காரர் எழுந்து நின்றுவிட்டார். இது திருட்டு என்றார். பாதுகாப்பு என்ற நிபந்தனையில் இரண்டு அணிகளும் கையெழுத்துப் போடும்போது, கொடுக்கும் அணி ஜெயிக்கத்தான் ஆடும் என்பது எழுதப்படாத அடிப்படை. அதை உடைத்துவிட்டு நிபந்தனையின் எழுத்தைக் காட்டுவது நேர்மையா என்று கேட்டார்.

பிளே-இன் போகாவிட்டால் அவமானம் என்று மூன்று வாரம் பேசிய டாலஸ்காரர், அன்று நிர்வாகத்தின் பக்கம் நின்றார். 2012-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் செய்ததைத்தானே இவர்கள் செய்கிறார்கள் என்றார். அந்த ஆண்டு வாரியர்ஸ் பிக்குக்கு டாப்-7 பாதுகாப்பு. சீசன் முடிவில் டொராண்டோவோடு சமநிலை, நாணயம் சுண்டியதில் வாரியர்ஸுக்கு ஏழாம் இடம், அதில் ஹாரிசன் பார்ன்ஸை எடுத்தார்கள். 2015-இல் அவர் ஆடிய அணி கோப்பை வென்றது. அதை யார் இன்று திருட்டு என்கிறார்கள் என்று கேட்டார்.

அப்படியானால் மார்ச்சில் நீங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று நியூயார்க்காரர் திருப்பிக் கேட்டார். பிரன்சனை எடுத்துக்கொண்டது போதாதா என்று டாலஸ்காரர் பதில் சொன்னார். அந்த இடத்தில் பிக் பற்றிய பேச்சு செத்துவிட்டது. இளையவர் மட்டும், ஆடிக்கொண்டிருக்கிற பையன்களைப் பாருங்கள், அவர்களுக்கு இது அடுத்த ஒப்பந்தத்துக்கான ஆட்டம் என்று இரண்டு முறை சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. நான்காவது குவார்ட்டர் நடக்கும்போதே டாலஸ்காரர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

ஏப்ரல் 14 அன்று என்பிஏ, டாலஸ் அணிக்கு 7,50,000 டாலர் அபராதம் விதித்தது. 2023 பிக்கைத் தக்கவைக்கும் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ள அந்த ஆட்டத்தில் தோற்கும் விருப்பத்தை அணி செயலிலும் பேச்சிலும் காட்டியது என்பது குற்றச்சாட்டு. களத்தில் ஆடியவர்கள் ஜெயிக்க ஆடவில்லை என்று லீக் சொல்லவில்லை. இளையவர் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

அபராதச் செய்தி வந்த அன்று கணக்குக்காரரும் நானும் உட்கார்ந்து பேசினோம். அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்து மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். பிக் தங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு? தங்கினால் அணிக்கு அதன் மதிப்பு என்ன, தள்ளிப்போவதால் வரும் பூட்டையும் சேர்த்து? அதற்காகத் தோற்பது சரியா? முதலாவது கணக்கு, இரண்டாவது மதிப்பீடு, மூன்றாவது நியாயம். டாலஸ்காரர் இரண்டாவதிலிருந்து பேசினால் நியூயார்க்காரர் மூன்றாவதிலிருந்து மறுப்பார், நடுவில் பிரன்சன் வந்துவிடுவார்.

எனவே ஒரு தாள் தயார் செய்தோம். மூன்று கேள்விக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக, மே 16 லாட்டரிக்கு முன்பே, பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்காவதாக ஒரு வரி: எது நடந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்? லாட்டரிக்கு முன்பே எழுத வேண்டும் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. பிக் தங்கிவிட்டால் எல்லோரும் அதை நியாயப்படுத்துவார்கள், போய்விட்டால் எல்லோரும் முட்டாள்தனம் என்பார்கள். முடிவு தெரிந்த பிறகு யாருடைய பழைய எண்ணமும் அவருக்கே நினைவிருக்காது.

நியூயார்க்காரர் உடனே எழுதினார். டாலஸ்காரர் கூட்டத்துக்கு வர மறுத்தார். நான் அவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்து வாங்கினேன்.

கணக்குக்காரர் தன் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. சீசன் முடிவில் டாலஸ் 38-44, சிகாகோ 40-42, தண்டர் 40-42. லாட்டரி வரிசையில் டாலஸ் பத்தாவது. ஏப்ரல் 7 ஆட்டத்தை மட்டும் டாலஸ் ஜெயித்திருந்தால் என்ன? டாலஸ் 39-43 ஆகும், சிகாகோவும் 39-43 ஆகும். பத்தாம் இடம் யாருக்கு என்று சீட்டுப் போட வேண்டியிருக்கும். 80 சதவீதம் சுமார் 45-க்கு இறங்கும். கடைசி ஆட்டத்தில் சான் அன்டோனியோவையும் ஜெயித்திருந்தால் 40-42, அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ, வாய்ப்பு சுமார் 8 சதவீதம். ஆனால் சிகாகோவிடம் தோற்றுவிட்டு சான் அன்டோனியோவை மட்டும் ஜெயித்திருந்தால்? 39-43, அப்போதும் பத்தாம் இடம் பத்திரம். ஆக 82 ஆட்டங்களில் அந்த ஒரு ஆட்டம், எதிரில் நின்ற அந்த ஒரு அணியால், இரட்டை எடை பெற்றிருந்தது. டாலஸ் நிர்வாகம் ஏன் அந்த இரவைத் தேர்ந்தெடுத்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. தண்டர் தன் கடைசி ஆட்டத்தை ஜெயித்தது. டாலஸ் இரண்டையும் ஜெயித்திருந்தாலும் பிளே-இன் கிடைத்திருக்காது. ஆனால் ஏப்ரல் 7 அன்று இது யாருக்கும் தெரியாது. அதனால் இதை யாரும் வாதமாக எடுக்கக் கூடாது என்று கணக்குக்காரர் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

தாளில் நான் எழுதியது: வாய்ப்பு 80 சதவீதம். மதிப்பு, பூட்டைக் கழித்துப் பார்த்தாலும், கைமாறவிடுவதைவிட அதிகம். தோற்றது தவறு. நான்காவது வரியைக் காலியாக விட்டுவிட்டேன்.

லாட்டரியும் டிராஃப்ட்டும்

மே 16 இரவு டாலஸ்காரர் வந்தார். நியூயார்க்காரர் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் வந்தார், அது போதும் என்றிருந்தது எனக்கு.

முடிவுகளைப் பதினான்காம் இடத்திலிருந்து மேல்நோக்கி அறிவிப்பார்கள். கீழே உள்ள நான்கு அணிகளில் ஒன்று மேலே தாவியிருந்தால் டாலஸ் ஒரு படி இறங்கி, பதினொன்றாம் அட்டையில் அதன் சின்னம் வரும். 14 நியூ ஆர்லியன்ஸ், 13 டொராண்டோ, 12 தண்டர். பதினொன்றில் ஆர்லாண்டோ. அது உண்மையில் சிகாகோவின் பிக், வூசெவிச் என்ற ஆட்டக்காரரை வாங்கிய டிரேடில் டாப்-4 பாதுகாப்போடு ஆர்லாண்டோவுக்குக் கொடுத்தது. அதாவது ஏப்ரல் 7 அன்று மோதிய இரண்டு அணிகளின் பிக்குகளுமே பாதுகாப்பு நிபந்தனையில் இருந்தவை. சிகாகோவின் கோடு நான்கில் இருந்ததால் அந்த ஆட்டத்தின் முடிவு அதற்குப் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. டாலஸின் கோடு பத்தில் இருந்தது.

பத்தாம் பிக் டாலஸிடம் தங்கியது. நிக்ஸ் தன் சொந்த 2023 பிக்கை ஜாஷ் ஹார்ட்டுக்காக போர்ட்லேண்டுக்குக் கொடுத்திருந்ததால், அந்த ஆண்டு முதல் சுற்றில் அதற்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 22 டிராஃப்டில் டாலஸ் பத்தாம் பிக்கில் வந்த கேசன் வாலஸையும், டேவிஸ் பெர்டான்ஸையும் தண்டருக்குக் கொடுத்து, பன்னிரண்டாம் பிக்கில் வந்த டெரெக் லைவ்லியை வாங்கியது. பெர்டான்ஸின் பெரிய சம்பளம் இறங்கியதால் சம்பளக் கணக்கில் கிடைத்த இடத்தைக் கொண்டு சாக்ரமெண்டோவிடமிருந்து ரிஷான் ஹோம்ஸையும் 24-ஆம் பிக்கையும் எடுத்தார்கள்.

2024

லைவ்லி முதல் ஆண்டிலேயே அணியின் நடுத்தூணாக நின்றார். டாலஸ் 50-32. 2024 பிப்ரவரியில் அணியை வலுப்படுத்த நிர்வாகம் 2027 பிக்கை டாப்-2 பாதுகாப்போடு சார்லட்டுக்குக் கொடுத்து பி.ஜே. வாஷிங்டனை வாங்கியது. டேனியல் காஃபோர்டை வாங்க ஒரு பிக் தேவைப்பட்டது. சொந்தமாகக் கொடுக்க ஒன்றும் இல்லாததால், 2028-இல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தண்டருக்குக் கொடுத்து, அவர்களிடமிருந்து ஒரு முதல் சுற்று பிக் வாங்கி, அதை ஹோம்ஸோடு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 2023 மார்ச்சில் நியூயார்க்காரர் சொன்ன பூட்டு இதுதான். கையில் 2027 மட்டும்தான் இருந்தது, அதற்கு மேல் தேவைப்பட்டபோது சுற்றிவளைக்க வேண்டியிருந்தது. அன்றிரவு நான் அவரை அழைத்து, நீங்கள் சொன்னது சரி என்று சொன்னேன். பதினொரு மாதம் தாமதம்.

டாலஸ் இறுதிச் சுற்றுவரை போனது. பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றது. எந்த ஆட்டக்காரருக்காக இந்த பிக்கையே கொடுத்தார்களோ, அந்த போர்சிங்கிஸ் அப்போது பாஸ்டன் சட்டையில் இருந்தார். தள்ளிப்போன பிக் 24-ஆவதாக நிக்ஸுக்குக் கைமாறியது. நிக்ஸ் அதை வாஷிங்டனுக்குக் கொடுத்துப் பின்வரிசை பிக்குகள் இரண்டை வாங்கிக்கொண்டது.

பின்னால் பார்க்கும்போது பத்தாம் பிக்கில் வந்த வாலஸும் மோசமில்லை. லைவ்லியும் அவரும் 2024-இல் சிறந்த புதுமுகங்களுக்கான கௌரவப் பட்டியலில், இரண்டாம் அணியில் இடம் பெற்றார்கள், 2025-இல் வாலஸ் தண்டரோடு கோப்பையே வென்றார்.

தாளைத் திறந்தபோது

2024 ஜூனில் ஐந்து தாளையும் மேசையில் வைத்தோம். முதல் கேள்வியில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே எண். அதைப் பற்றி நாங்கள் சண்டையே போட்டிருக்கத் தேவையில்லை. இரண்டாவதில் டாலஸ்காரரும் நானும் பூட்டைக் குறைத்து மதித்திருந்தோம், நியூயார்க்காரர் பத்தாம் பிக்கின் மதிப்பைக் குறைத்து எழுதியிருந்தார். இரண்டும் பேசித் தீர்க்கக்கூடியவை, தீர்த்தோம்.

மூன்றாவதில் ஒருவரும் நகரவில்லை. டாலஸ்காரர் தன் நான்காவது வரியில், இந்த பிக்கால் வருபவர் எங்களை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் நான் தவறு என்று எழுதியிருந்தார். லைவ்லி கொண்டுபோனார். அதனால் தன் பக்கம் நிரூபணமாகிவிட்டது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிக் நல்ல இடத்தில் முடிந்தது இரண்டாம் கேள்விக்குப் பதில். அன்று அரங்குக்கு வந்தவர்கள், டான்சிச்சைப் பார்க்க ஸ்லோவேனியக் கொடியோடு வந்தவர்கள், பிளே-இன் வாசல் திறந்திருக்கிறது என்று நம்பி வந்தவர்கள் என எல்லோருக்கும் அணி கடன்பட்டிருந்தது ஜெயிக்கும் முயற்சியை. அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். லைவ்லி எத்தனை பந்தைத் தடுத்தாலும் அந்த இரவு திரும்பாது. அணியை நேசிக்கிறேன் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான்காவது வரியை நான் ஏன் காலியாக விட்டேன் என்று இளையவர் கேட்டார். என்ன நடந்தாலும் நான் மாறப் போவதில்லை என்றால் அதையாவது எழுதியிருக்க வேண்டும் என்றார். சரியான கண்டிப்பு அது.

அடுத்த முறை மாற்றியவை

2025-இல் பிலடெல்பியாவின் பிக் தண்டருக்குப் போக வேண்டியிருந்தது, டாப்-6 பாதுகாப்போடு. பிலடெல்பியா 24-58 என்று முடித்தது, லாட்டரி வரிசையில் ஐந்தாவது. எங்கள் யாருடைய அணியும் இல்லை என்பதால் பழகிப் பார்க்க நல்ல வாய்ப்பு. இந்த முறை தாளை மார்ச்சிலேயே எடுத்தோம், சண்டைக்குப் பிறகு எடுக்கவில்லை. எழுதும்போது பெயர் போடவில்லை. யார் எழுதியது என்று தெரியாமலே வாதங்களைப் படித்த பிறகுதான் கையெழுத்தைக் காட்டினோம். நிக்ஸ் சட்டைக்காக ஒரு நல்ல வாதத்தை இழந்தது எங்களுக்கு மறக்கவில்லை. தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தனி வரி சேர்த்தோம். அங்கே 2026-இல் டாப்-4 பாதுகாப்பு காத்திருந்தது. ஆட்டக்காரருக்கு என்ன ஆகும் என்று இன்னொரு வரி, அது இளையவர் கேட்டது.

கணக்குக்காரர் போட்ட எண் 64 சதவீதம். குலுக்கலில் மூன்றாம் இடம் விழுந்தது, பிக் பிலடெல்பியாவிடம் தங்கியது, வி.ஜே. எட்ஜ்கோம்பை எடுத்தார்கள்.

கோட்டை எங்கே போடுவது என்பதைப் பற்றி மட்டும் இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்பை நான்காம் இடத்தோடு நிறுத்த வேண்டும் என்பது கணக்குக்காரரின் கட்சி. 2019 முறைப்படி அந்த நான்கு இடங்களைக் குலுக்கல் தீர்மானிக்கிறது, ஒரே ஒரு ஆட்டத்தைத் தோற்று அதைப் பிடித்துவிட முடியாது. டாலஸ்காரர் அப்படிச் செய்தால் யாரும் பிக்கைக் கொடுக்கவே முன்வர மாட்டார்கள் என்கிறார். நியூயார்க்காரர் இந்த ஒன்றில் அவர் பக்கம்.